புகைக் கதிரும் நாலு கிளிகளும்

காப்பித் தோட்டம், குடகு
18 மார்ச் 2024

பிரபாவதி அம்மாவுக்கு, வாசலூர்பட்டியில் உங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருக்கும் கண்ணாயி எழுதுவது.

நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம் இருக்கட்டும். என் கொழுந்தன் சென்றாயன் படகுத்துறைப் பக்கம் சிக்னல் கிடைத்த நேரத்தில் என் வீட்டுக்காரருக்குப் போன் பண்ணியிருக்கிறான். "அண்ணா, அந்த லேப் அம்மா ஊட்டுக்குள்ள கிளி வெச்சிருக்குதுங்க. ஒண்ணு ரெண்டு இல்லீங்க, நாலு. ஆளுக்கு நெஞ்சு வரைக்கும் ஒரு இரும்புக் கூண்டு. ஊடே அதிரக் கத்துதுங்க" என்றானாம்.

வீடு பார்க்க வந்த அன்று, "நான் ஒருத்திதான், கூட யாரும் இல்லை" என்றீர்கள். ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற உத்தியோகம், தனியாக இருக்கிற பெண், தொந்தரவு இருக்காது என்று நானும் சாவியைக் கொடுத்துவிட்டுத் தோட்ட வேலைக்குக் குடகுக்குப் பஸ் ஏறினேன். கிளியும் கூடத்தானே குடியிருக்கிறது? அதைச் சொல்ல வாய் வரவில்லையா?

எங்கள் மலையில் கிளி விருந்தாளி இல்லை, திருடன். சின்ன வயதில் தினைக் கொல்லையில் பரண் மேல் நின்று, தொண்டை கட்டும்வரை கத்திக் கிளி ஓட்டியவள் நான். என் வீட்டிலேயே கிளி ஊஞ்சல் ஆடுகிறது என்றால் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பேனா?

போனில் பேசலாம்தான். இங்கே சிக்னல் வரும் பாறைக்கு நான் ஏறினால் அங்கே உங்களுக்கு இருக்காது. பத்தாவது வரை படித்தவள், எழுதினால்தான் நினைத்ததை நினைத்தபடி சொல்ல வரும். பதில் போடுங்கள்.

கண்ணாயி

*

வாசலூர்பட்டி
27 மார்ச் 2024

கண்ணாயி அக்காவுக்கு வணக்கம்.

மறைத்தது தப்புதான். ஏன் மறைத்தேன் என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

நாமக்கல்லில் நான் ஏறி இறங்காத வீடு இல்லை. "எத்தனை பேருங்க?" என்பார்கள். ஒருத்தி என்றால் முகம் சுருங்கும், நாலு லவ் பேர்ட்ஸ் இருக்கிறது என்றால் கதவே சுருங்கும். சத்தம் வரும், எறும்பு வரும், பூனை வரும் என்று ஆளுக்கு ஒரு காரணம். கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒரு பெரியவர், "பறவைன்னா காய்ச்சல் வருமுங்க" என்றார். அவர் பண்ணையில் எத்தனை ஆயிரம் கோழி இருக்கும் என்று கேட்க நாக்கு துடித்தது. வாடகைக்குப் போனவள் வாயை மூடிக்கொண்டுதானே வர வேண்டும்.

கல்யாணம் முறிந்து புகுந்த வீட்டை விட்டு வந்தபோது நான் கேட்டு எடுத்து வந்தது இந்த நாலையும்தான். பச்சைக்குப் பேர் கீரை, மஞ்சளுக்கு வாழை, நீலத்துக்கு மேகலா, வெள்ளைக்கு உப்பு. உப்புதான் ஊதாரி. தின்பது கொஞ்சம், இறைப்பது மிச்சம். கூண்டு என் தம்பி சசிகுமார் லாரி பாடி கட்டும் பட்டறையில் செய்து கொடுத்தது. அதனால்தான் அந்த உயரம், அந்தக் கனம். பஸ்ஸில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும் அக்கா. வந்த மறுநாள் காலை சன்னலைத் திறந்தேன். வெளியே மலையே இல்லை, வெள்ளையாக ஒன்று நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சன்னல் வழியாக உள்ளே வந்தது. கூண்டுக் கம்பிக்குள் நுழைந்து நாலு பேரையும் மூடி, அந்தப் பக்கமாக வெளியே போனது. ஒரு சத்தம் இல்லை. மேகம் போன பிறகும் நாலும் ஒட்டி உட்கார்ந்து அது போன திக்கையே பார்த்தன. என்னாலும் நெடுநேரம் எழுந்திருக்க முடியவில்லை. இப்படி ஒன்று உலகத்தில் நடக்கிறது என்று முப்பத்துநாலு வயது வரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

போகச் சொல்லிவிடாதீர்கள்.

பிரபாவதி

*

குடகு
8 ஏப்ரல் 2024

பிரபாவதி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரர் சின்னுசாமிக்குப் படித்துக் காட்டினேன். "நீ ஓட்டுன கிளியெல்லாம் இப்பப் பழி வாங்க வந்திருக்குது புள்ள" என்று சிரிக்கிறார். உப்பு என்று கிளிக்குப் பேர் வைத்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

மேகம் வீட்டுக்குள் வருவது எங்களுக்குப் புதிதில்லை. துணி காயாது என்று திட்டிக்கொண்டு சன்னலைச் சாத்துவோம், அவ்வளவுதான். கூண்டுக்குள் புகுந்து வெளியே போனது என்று எழுதியிருந்தீர்களே, அதை மட்டும் மறுபடி ஒரு தரம் படித்தேன்.

இருந்துகொள்ளுங்கள். ஆனால் கூண்டு சாமி மூலைப் பக்கம் போகக்கூடாது. சமையலறைக்குள் செருப்பு கூடாது. நீங்கள் கேஸ் அடுப்பில் சமைப்பீர்கள், தெரியும். இருந்தாலும் வாரத்தில் இரண்டு நாளாவது விறகடுப்பை மூட்டுங்கள். புகை மேலே போக வேண்டும். எதற்கு என்று கேட்க வேண்டாம், மூட்டினால் போதும்.

கண்ணாயி

*

வாசலூர்பட்டி
24 மே 2024

அன்புள்ள கண்ணாயி அக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடி விறகடுப்பு மூட்டுகிறேன். கண் எரிகிறது, ஆனாலும் பழகிவிட்டது. கூரைக்குக் கரையான் வராமல் இருக்கத்தான் புகை என்று நானே புரிந்துகொண்டேன்.

இங்கே கோடை மழை பிய்த்து உதறிவிட்டது. கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து பாறை உருண்டு, பஸ் நின்றுபோனது. எனக்கு அரிசி பருப்பு இருந்தது. கிளிகளின் தீனிதான் தீர்ந்தது. நாமக்கல்லில் பாக்கெட்டில் வாங்கி வரும் தினை, அது இல்லாமல் அதுகள் இல்லை. சோறு வைத்தேன், கீரை வைத்தேன். கிட்டே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. மேகலா இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தாள். சமையலறையில் டப்பா டப்பாவாகத் திறந்து தேடினேன்.

அப்போதுதான் அடுப்புக்கு மேலே மூங்கிலில் கட்டித் தொங்கும் பழைய கதிர்கள் கண்ணில் பட்டன. கரி பிடித்து, எப்போதோ மறந்துபோய் விட்ட மாதிரி இருந்தன. துடைத்துப் பார்த்தால் தினை! இறக்கிக் கூண்டில் கட்டினேன். நாலும் தலைகீழாகத் தொங்கித் தின்றன. உயிர் திரும்பியது அக்கா. பாதை திறந்த பிறகும் பாக்கெட் தீனியை மதிக்காமல் கதிரைத்தான் கேட்டன. எல்லாவற்றையும் கொடுத்து முடித்தேன். வீட்டில் வீணாகத் தொங்கியது நாலு உயிரைக் காப்பாற்றியது. உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

பிரபாவதி

*

குடகு
3 ஜூன் 2024

வாடகைக்கு இருப்பவருக்கு,

அது விதை.

எங்கள் வீட்டுத் தினை. என் மாமியார் கையிலிருந்து எனக்கு வந்தது. வேறு எந்தக் கொல்லையிலும் இல்லை. பூச்சி அரிக்காமல் இருக்கத்தான் அடுப்புக்கு மேல் புகையில் தொங்கியது. ஊரே மரவள்ளிக்கும் மிளகுக்கும் போன பிறகும் ஒரு துண்டு நிலத்தில் நான் மட்டும் விதைத்து வந்தேன். இந்த ஆனியில் வந்து விதைப்பதாக இருந்தேன்.

தை மாதம் ஊர் அம்மனுக்கு மாவு படைக்கும்போது முதல் பிடி எங்கள் வீட்டு மாவு. கடையில் வாங்கியதும் ஆகாது, பங்காளி வீட்டில் கேட்டு வாங்கியதும் ஆகாது. சொந்த விதையில் விளைந்ததாக இருக்க வேண்டும். ஒரு வருடம் விட்டுப்போனால் முதல் பிடி அடுத்த வீட்டுக்குப் போய்விடும், திரும்பி வராது.

விதையைத் தீனியாகப் போடுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் மலையில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

ஆடி மாதம் யாரும் வீடு மாறமாட்டார்கள். அதனால் ஆனி முடிவதற்குள் காலி செய்துவிடுங்கள். சாவியைச் சென்றாயனிடம் கொடுங்கள்.

கண்ணாயி

*

வாசலூர்பட்டி
12 ஜூன் 2024

அக்கா,

கடிதத்தை நின்றபடியே படித்தேன். பிறகு கூண்டின் அடித்தட்டை இழுத்து, முறத்தில் கொட்டி ஊதிப் பார்த்தேன். எல்லாம் உமி. மூங்கிலில் வெறும் நார்க் கயிறு தொங்குகிறது. மேலே பார்க்க முடியவில்லை.

விடுமுறை நாளில் மலையின் இன்னொரு பக்கம் இருக்கும் எடப்புளி நாட்டு ஊர்களுக்குப் போய் வீடு வீடாகக் கேட்டேன். ஒரு பெரியம்மா மட்டும் தினை வைத்திருந்தார். "குடுக்கறதுக்கென்னங்க. ஆனா அது எங்க தினைங்க. கண்ணாயி ஊட்டுத் தினை ஆகுமுங்களா?" என்றார். அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் வலித்தது.

கோபித்துக்கொண்டாலும் சரி, மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன். எதற்கு என்று கேட்காதே என்றீர்கள், நான் கேட்கவில்லை. "அது விதை, தொடாதே" என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நடந்தே மலை இறங்கியாவது தீனி வாங்கி வந்திருப்பேன். நான் வளர்ந்த ஊரில் தினை என்றால் கிளித்தீனிக் கடையில் தொங்கும் பாக்கெட். சாமிக்குப் படைப்பது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

இதை எழுதியதும் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கோடு போட்டு அடிக்காமல் விடுகிறேன்.

"கிளியெல்லாம் வித்துப்போடுக்கா, ஊடு தானாக் கெடைக்கும்" என்கிறான் சசிகுமார். நேற்று கூண்டு முன்னால் உட்கார்ந்து அதையும் யோசித்தேன். உப்பு வந்து என் விரலைக் கடித்தது. யோசனையை விட்டுவிட்டேன்.

ஆனி முடிவதற்குள் போய்விடுகிறேன்.

பிரபாவதி

*

வாசலூர்பட்டி
1 ஜூலை 2024

அக்கா,

நீங்கள் பதில் போடவில்லை. போட வேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பாத்திரம் கட்டுவதற்காகப் பழைய சாக்கு எடுக்க வீட்டுக்குப் பின்னால் போனேன். துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் சரிவில்தான் தினமும் கூண்டுத் தட்டைக் கொட்டுவேன். எச்சம், உமி, உதிர்ந்த இறகு எல்லாம் அங்கேதான். மழை பெய்ததிலிருந்து சன்னல் வழியாகவே வீசிவிட்டு வந்தேன், எட்டிப் பார்க்கவில்லை.

அங்கே முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக நிற்கிறது. புல் என்றுதான் முதலில் நினைத்தேன். சென்றாயன் அண்ணனைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தவர் தலைத் துண்டை எடுத்துவிட்டார். "தினைங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு துளி ரத்தத்துக்குள் எவ்வளவு இருக்கிறது என்று நாள் முழுவதும் பார்க்கிறவள் நான். அதைப் பார்த்தே பழகியவள் இதன் முன்னால் எடுக்க வந்த சாக்கை மறந்து நின்றேன். புகையில் கருகி, அலகில் நசுங்கி, எச்சத்தோடு குப்பையில் விழுந்த ஒன்று எழுந்து நிற்கிறது. யாரும் விதைக்கவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை.

ஆனால் அக்கா, உங்களை ஆசை காட்டி ஏமாற்ற மாட்டேன். நான் கடைத் தினையும் போட்டிருக்கிறேன். நிற்பது அதுவா உங்களுடையதா என்று எனக்குத் தெரியாது. சென்றாயன் அண்ணனுக்கும் தெரியவில்லை, அவர் தினை விதைப்பதை விட்டு ரொம்ப வருடமாம். உங்களுக்குத் தெரியுமா?

பிரபாவதி

*

குடகு
8 ஜூலை 2024

பிரபாவுக்கு,

கடிதம் வந்ததும் இதை எழுதுகிறேன். தபால்காரர் காத்து நிற்கிறார், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நிற்கிற பயிரைப் பிடுங்காதே. காலையில் பனி ஈரம் இருக்கும்போதே போய், மண்ணோடு ஒட்டிய அடித்தண்டை விரலால் துடைத்துப் பார். கடைத் தினை பச்சையாக இருக்கும். எங்கள் தினைக்கு அடித்தண்டு மருதாணி வைத்த மாதிரி சிவந்திருக்கும். ஒரே ஒரு தண்டு சிவந்திருந்தாலும் உடனே எழுது.

இல்லை என்றாலும் எழுது.

கண்ணாயி

*

வாசலூர்பட்டி
16 ஜூலை 2024

அக்கா!

உங்கள் கடிதம் நேற்றுச் சாயங்காலம் வந்தது. மூட்டை கட்டி வைத்திருந்தேன். ஆனி கடைசி நாளான இன்றைக்கு வண்டிக்குச் சொல்லியிருந்தேன், எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.

இன்று விடிந்ததும் சரிவில் மண்டி போட்டேன். முதல் தண்டு பச்சை. அடுத்தது பச்சை. ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே போனேன், எல்லாம் பச்சை. சேலை முழுக்கச் சேறு. போதும் என்று எழுந்தபோது கல்லை ஒட்டி ஒரு சின்னக் கூட்டம் தனியாக நின்றது. துடைத்தேன். சிவப்பு. பக்கத்தில் இருந்ததும் சிவப்பு. இரண்டு கை விரலுக்குள் அடங்கிவிடும், அவ்வளவுதான். ஆனால் சிவப்பு அக்கா, நீங்கள் சொன்ன அதே மருதாணிச் சிவப்பு!

அந்த இடம், கூண்டில் உப்பு உட்காரும் மூலையை ஒட்டிய சன்னலுக்கு நேர் கீழே. அது இறைத்ததாகத்தான் இருக்கும்.

நான் அழுதேன். சாமி கும்பிட வேண்டும் போல இருந்தது. எந்தச் சாமியை என்று தெரியாமல் பயிரையே கும்பிட்டேன்.

வண்டிக்காரரிடம் இன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னதற்கு மன்னியுங்கள்.

பிரபா

*

குடகு
26 ஜூலை 2024

பிரபா கண்ணுக்கு,

கடிதத்தைத் தோட்டத்தில் வேலை செய்த இடத்திலேயே பிரித்தேன். படித்துவிட்டுக் காப்பிச் செடி நடுவில் உட்கார்ந்துவிட்டேன். பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்துச் சின்னுசாமி ஓடி வந்தார். "அடித்தண்டு செவப்பாம்" என்றேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மேஸ்திரி வந்து சத்தம் போடும்வரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

வருடா வருடம் அந்தத் துண்டு நிலத்தில் விதை போட்டு, முளைத்ததா என்று குனிந்து பார்ப்பதே எனக்கு வேலையாக இருந்தது. அது இல்லாமலும் முளைக்கும் என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன். பரண் மேல் நின்று நான் விரட்டிய கிளியெல்லாம் எங்கெங்கே என்னென்ன சிந்தியதோ! அத்தனை வருடமும் திருடன் என்றுதான் கத்தினேன்.

நீ அடிக்காமல் விட்ட அந்த வரியும் சரிதான். சொல்லியிருக்க வேண்டும். நம் ஊரில் தெரியாதவர்களே இல்லை என்று இருந்துவிட்டேன், நீ நம் ஊர் இல்லை என்பதை மறந்துபோனேன்.

ஆடியில் யாரும் வீடு மாறுவதில்லை. ஆவணி வரட்டும், பார்க்கலாம். பச்சைத் தண்டைக் களைந்துவிடு. சிவப்புக்கு மண் அணைத்து விடு. கதிர் பால் பிடித்ததும் குருவி வரும், கிளி வரும். நான் வந்து ஓட்ட முடியாது, காப்பித் தோட்டத்தில் லீவு கிடையாது. நீதான் ஓட்ட வேண்டும்.

கண்ணாயி அக்கா

*

வாசலூர்பட்டி
8 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கதிர் வந்துவிட்டது. கருஞ்சிவப்பில், நீளமாக, மீசை மீசையாக, கனம் தாங்காமல் குனிந்து நிற்கிறது. காலை வெயில் பனியோடு அதன் மேல் விழும்போது பக்கத்தில் போகப் பயமாக இருக்கிறது, மூச்சு பட்டால்கூட ஏதாவது ஆகிவிடுமோ என்று.

நீங்கள் சொன்னது நடந்தது. குருவிகளும் காட்டுக் கிளிகளும் கூட்டமாக வந்தன. நான் தட்டைத் தட்டிக்கொண்டு "ஏய்! ஓடு! போ!" என்று கத்தினேன். உள்ளிருந்து என்னுடையதுகள் நாலும் பதிலுக்குக் கத்தின, வெளியே இருப்பதுகள் அதைக் கேட்டு இன்னும் பக்கத்தில் வந்தன. "கிளி வளக்கறவிங்களே கிளி ஓட்டறீங்களே லேப் அம்மா" என்று சென்றாயன் அண்ணன் சிரித்து மாய்ந்துபோனார். வேலைக்குப் போகும் நேரத்தில் யார் ஓட்டுவது? ஒரு நாள் சாயங்காலம் வந்து பார்த்தால் இரண்டு கதிர் மொட்டை.

பிறகு ஒன்று செய்தேன். உங்களைக் கேட்காமல் செய்துவிட்டேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

சன்னலுக்கெல்லாம் கொசுவலை அடித்தேன். கூண்டுக் கதவைத் திறந்தேன். நாலும் வெளியே வந்தன. அடித்தட்டைக் கழற்றி, சென்றாயன் அண்ணனும் நானும் கூண்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிவப்புத் தண்டின் மேல் கவிழ்த்தோம். லாரி பாடி கட்டும் கம்பி, காற்றுக்கும் அசையாது. மேலே முட்டிய ஒரு கதிரை மட்டும் மெதுவாக வளைத்து உள்ளே விட்டேன். குருவிகள் கம்பியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகின்றன.

இப்போது தினை கூண்டில் இருக்கிறது, கிளிகள் உங்கள் வீட்டில் பறக்கின்றன. வாடகைக்கு விட்டபோது இதற்கு நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. தினமும் தரையைத் துடைத்துவிடுகிறேன். சாமி மூலைக்குச் சேலை கட்டி மறைத்திருக்கிறேன். ஆனால் வெளியே விட்டதும் அதுகள் எங்கே போய் உட்கார்ந்தன தெரியுமா? அடுப்புக்கு மேலே, கதிர் கட்டித் தொங்கிய அந்த மூங்கிலில். நாலும் வரிசையாக.

ஆவணி முடியப்போகிறது. நான் என்ன செய்யட்டும்?

பிரபா

*

குடகு
16 செப்டம்பர் 2024

பிரபா கண்ணுக்கு,

மேஸ்திரியிடம் சண்டை போட்டு லீவு வாங்கிவிட்டேன். கதிர் அறுக்க நானே வருகிறேன். நீ அறுக்காதே. கூண்டையும் தூக்காதே, கதிரைக் கூண்டுக்குள் நான் பார்க்க வேண்டும்.

இந்தக் கொஞ்சத்தில் விதைக்கு எடுத்தது போக மாவுக்கு ஒரு பிடி வராது, ஒரு சிட்டிகைதான் வரும். பரவாயில்லை, அம்மன் அளந்து பார்த்து வாங்குகிறவள் இல்லை. முதல் சிட்டிகை நம் வீட்டிலிருந்து போகும். தை வரும்போது நீயும் என்னோடு வா. படைத்துவிட்டு உப்புக்கு ஒரு கதிர் கொடுக்க வேண்டும் என்று சின்னுசாமி சொல்கிறார். கிளிக்கு நானே என் கையால் தினை கொடுக்கப்போகிறேன், பரண் மேல் நின்ற அந்தக் கண்ணாயி பார்த்தால் என்னைக் கல்லால் அடிப்பாள்.

வீட்டைப் பற்றிக் கேட்டாய். புதுக் கதிரைக் கட்ட மூங்கிலில் ஒரு முனை போதும், மற்ற முனையில் அதுகள் உட்காரட்டும். எது விதை, எது தீனி என்று இந்தத் தடவை வாயைத் திறந்து சொல்லிவிட்டுத்தான் குடகுக்குத் திரும்புவேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ் இறங்குவேன். என்னிடம் இன்னொரு சாவி இருக்கிறது, ஆனால் திறந்துகொண்டு உள்ளே வரமாட்டேன். வெளியே நின்று தட்டுகிறேன். நீ அவசரப்படாமல் நாலு பேரும் மூங்கிலில் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அப்புறம் கதவைத் திற. எவ்வளவு நேரம் ஆனாலும் நிற்கிறேன்.

கண்ணாயி அக்கா